அண்ணி தாண்டவில்லை

ஆராய்ச்சி மாணவனாகச் சேர ஒரு படிவம் வந்தது. அதில் ‘கல்விப் பின்னணி’ என்று ஒரு கட்டம், ‘ஆய்வு ஆர்வம்’ என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில், ஓசூரில் எஸ்.எஸ்.எல்.சி., சேலத்தில் இன்டர்மீடியட், சென்னையில் பி.ஏ., எம்.ஏ. தத்துவம், தர்க்கத்தில் எப்போதும் முதலிடம் என்று எழுதினேன். இரண்டாவது கட்டத்தில், ஒருவர் சொல்வதை எப்போது உண்மை என்று ஏற்கலாம், சத்தியம் செய்தால் சொல்லுக்கு வலு கூடுகிறதா என்று ஆராயப்போவதாக எழுதினேன். இரண்டும் சேர்ந்து அரைப் பக்கம்கூட வரவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சேர்த்தால்தான் அந்தக் கட்டங்கள் நிரம்பும். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். மனம் திருந்திவிட்டான் போலிருக்கிறது என்று யாரும் கண் கலங்க வேண்டாம். எனக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஊர் உத்தனப்பள்ளி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது. ஐம்பதுகளில் இப்போதிருக்கும் தொழிற்சாலை ஒன்றும் கிடையாது. கேழ்வரகு, கொள்ளு, கிணற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெல், அதுதான் பிழைப்பு. அப்பா போய்விட்டார். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு வயதுப் பெண்குழந்தை, நான். உழுதது அண்ணன். களை எடுத்தது, மாடு கறந்தது, சாணி அள்ளியது, களி கிண்டியது எல்லாம் அண்ணி. ஆண்டது அம்மா. நான் விடுமுறைக்கு வந்து கட்டிலில் மல்லாந்து படுத்து, உலகம் இருக்கிறதா இல்லையா என்று யோசித்தேன்.

அண்ணி ஓசூருக்கு மேற்கே, மைசூர் எல்லையை ஒட்டின ஊர்க்காரி. எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவாள். மூன்றிலும் அம்மாவிடம் திட்டு வாங்குவாள். என்னை ‘தம்பி’ என்றாலும் ‘நீங்க’ என்றுதான் பேசுவாள். நான் வருகிற அன்றைக்கு மட்டும் அவரைக்கொட்டை போட்டு எனக்குத் தனியாகக் குழம்பு வைப்பாள். நான் அதைப் புத்தகம் படித்தபடியே தின்றுவிட்டு எழுந்து போவேன். நன்றாக இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

படிவத்தோடு சர்டிபிகேட்டுகளின் நகல் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் நகல் என்றால் டைப் அடித்து, அசலையும் நகலையும் கெஜட் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரிடம் காட்டி, ‘உண்மை நகல்’ என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். நான் கிருஷ்ணகிரிக்குப் போய் டைப் அடித்துக்கொண்டு, அங்கே ஓர் அரசாங்க டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். டாக்டர் பேச்சுப் பிரியர். “தத்துவமா? அதுல என்னாப்பா இருக்குது?” என்றார். விடுவேனா? நாம் பார்க்காதபோது இந்த மேசை இருக்கிறது என்று உங்களால் நிரூபிக்க முடியுமா என்று பிடித்துக்கொண்டேன். வெளியே நோயாளிகள் இருமிக்கொண்டு நிற்க, முக்கால் மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஜெயித்த மிதப்பில் பஸ் ஏறினேன். நகல்களைப் படிவத்தோடு மறுநாளே தபாலில் போட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது. இடம் கிடைத்திருக்கிறது, ஜூன் மாதம் அசல் சர்டிபிகேட்டுகளோடு வந்து சேரவும் என்று இருந்தது. அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் மற்ற சர்டிபிகேட்டுகளும் ஒரு பச்சைத் துணியில் சுற்றி எப்போதும் அடியில் இருக்கும். துணியைக் காணோம். ஒன்றையும் காணோம்.

வீட்டைப் புரட்டிப் போட்டோம். அண்ணிதான் அதிகம் தேடினாள். குதிருக்குள் இறங்கித் தேடினாள், எருக்குழியைக் கிளறினாள். “எப்படி இருக்கும் தம்பி, அந்தக் காகிதம்?” என்று கேட்டாள். “உருண்டையா ஒரு முத்திரை இருக்கும்” என்றேன் எரிச்சலோடு. அதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

மூன்றாம் நாள் அம்மா அடுப்புச் சாம்பலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாள். கருகின தடித்த காகிதம், கட்டைவிரல் அகலம். சர்க்கரை மடித்த காகிதமாகவும் இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். அம்மாவுக்கு அது போதும்.

“எரிச்சிட்டா! பாவி முண்ட, எம்புள்ள படிப்பையே அடுப்புல வெச்சிட்டா!”

அண்ணி ஒரு தடவை சொல்லியிருந்தாள்: “தம்பி படிச்சிக்கினே இருந்தா இவரு ஒருத்தரே எத்தினி நாளைக்கு ஏர் புடிப்பாரு?” புருஷன் முதுகு வலியில் முனகின அன்று, எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்ன வார்த்தை. அது இப்போது சாட்சியாக வந்து நின்றது. அண்ணனுக்கு அம்மா பேசும்போது தரையைப் பார்க்கத்தான் தெரியும்.

“நான் எரிக்கல அத்த. அந்தப் பொட்டியத் தொட்டதே இல்ல.”

“அப்படின்னா புள்ளயத் தாண்டு.”

எங்கள் பக்கத்தில் அதுதான் பெரிய சத்தியம். பெற்ற பிள்ளையைத் தரையில் கிடத்தி, ‘நான் செய்யவில்லை’ என்று சொல்லித் தாய் அதைத் தாண்ட வேண்டும். பொய் சொல்லித் தாண்டினால் பிள்ளை தங்காது. அம்மா முற்றத்தைக் கூட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் படுக்கவைத்தாள். அது விளையாட்டு என்று நினைத்து, காலை உதைத்துக்கொண்டு சிரித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அண்ணி ஏற்கெனவே ஒரு முறை தாண்டியிருக்கிறாள். இதற்கு முந்தின குழந்தை, ஆண்குழந்தை, நாலு மாதம். அப்போது ஒரு குண்டான் நெய் காணாமல் போனது. ‘நான் எடுக்கவில்லை’ என்று சொல்லி அண்ணி உடனே, தயங்காமல் தாண்டினாள். இருபது நாளில் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. “பொய்ச் சத்தியம், சாமி கேட்டுச்சு” என்று பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தே அம்மா சொன்னாள். நெய்யை யார் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணி எடுக்கவில்லை என்று மட்டும் தெரியும். அவள் நெய்யே தின்ன மாட்டாள். வாசனை அவளுக்கு ஆகாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள்.

இப்போது முற்றத்தில் அண்ணி குழந்தையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“தம்பி, நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. நான் அப்படிச் செய்யறவளா?”

நான் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘அண்ணியை விடுங்கம்மா, நான் டூப்ளிகேட் வாங்கிக்கிறேன்’ என்றால் முடிந்தது. என் வார்த்தைக்கு அந்த வீட்டில் சாமி வார்த்தைக்குச் சமமான மரியாதை. ஆனால் எனக்கு ஆத்திரம். காகிதம் போன ஆத்திரம் பாதி. மீதி என்ன என்று கேட்டால், உடம்பு கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்: ஆர்வம். நான் படிவத்தில் எழுதின அதே விஷயம் என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. சத்தியம் கேட்கிறார்கள், ஒருத்தி தயங்குகிறாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வகுப்பில் பதில் சொல்கிற குரலில் ஆரம்பித்தேன்.

“தப்புப் பண்ணாதவங்க தாண்டத் தயங்க வேண்டியதில்ல. சரிதானே?”

“ஆமா” என்றாள் அம்மா.

“அண்ணி தயங்கறாங்க. அதையும் கண்ணால பாக்கறோம்.”

“ஆமா.”

“அப்போ?”

அவ்வளவுதான் நான் பேசினது. முடிவை நான் சொல்லவில்லை. இரண்டு வாக்கியங்களை எடுத்து வைத்துவிட்டு, மூன்றாவதை அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். செத்துப்போன குழந்தையின் ஞாபகம் எனக்கு வந்தது, வராமல் இல்லை. அது இந்த வாதத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று ஒதுக்கினேன். அப்படி ஒதுக்கத்தானே எனக்கு முதல் மதிப்பெண் கொடுத்தார்கள்!

அண்ணி குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “நான் எரிக்கல. தாண்டவும் மாட்டேன்” என்றாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அண்ணன் அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்தான். பிள்ளையை வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கொஞ்சம் யோசித்தாள். பெண்ணாயிற்றே, போகட்டும் என்று விட்டுவிட்டாள். புறப்படும்போது அண்ணி எனக்கு அவரைக்கொட்டைக் குழம்பு வைத்து மூடிவிட்டுப் போயிருந்தாள். நான் வந்த நாள்கூட இல்லை அது. மத்தியானம் அதைச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அவள் போன நாலாம் நாள் சாலையில் டீக்கடை முன்னால் தபால்காரர் என் கையில் ஒரு கார்டு கொடுத்தார். கிருஷ்ணகிரி டாக்டரின் கம்பவுண்டர் எழுதியிருந்தார். ‘தாங்கள் கையெழுத்துக்காகக் கொண்டுவந்த அசல் சர்டிபிகேட்டுகள் பச்சைத் துணியுடன் டாக்டர் ஐயா மேசைமேல் விட்டுப்போயிருக்கிறது. விலாசம் தெரிந்து எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறேன். வந்து பெற்றுக்கொள்ளவும்.’

இரண்டு முறை படித்தேன். அடுத்த பஸ்ஸில் போனேன். டாக்டர் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “மேசை இருக்குதா இல்லியான்னு அன்னிக்கு அந்தப் போடு போட்டீங்களே! உங்க சர்டிபிகேட் அது மேலதான்யா கெடந்துச்சு.” கம்பவுண்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். ராயக்கோட்டை வரைக்கும் அந்த எண்ணம் தாங்கியது. அப்புறம் யோசித்தேன். வீட்டுக்குள் போய் என்ன சொல்வது? தர்க்கத்தில் முதலிடம் வாங்கினவன் தன் காகிதத்தைத் தானே மறந்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கினான் என்று நானே சொல்வதா? அம்மா என்னை ஒன்றும் திட்டியிருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். பயம் இல்லை. மானம்! என் மானம் பெரிதாகப் போய்விட்டது. அடுத்த வாரம் சொல்லலாம், சேர்ந்தபிறகு கடிதத்தில் எழுதலாம், பொங்கலுக்கு வரும்போது நேரில் சொல்லலாம் என்று தள்ளினேன். பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். “டூப்ளிகேட் கொடுப்பாங்களாம், அம்மா” என்றேன். அம்மா திருஷ்டி கழித்தாள்.

பொங்கலுக்குப் போனபோது அண்ணனுக்கு வேறு பெண் பார்த்து முடித்திருந்தார்கள். நான் கல்யாணத்தில் பந்தி விசாரித்தேன். வேறென்ன செய்வது, சொல்லுங்கள்!

சென்னையில் ஆராய்ச்சி நன்றாகவே நடந்தது. என் வழிகாட்டி கண்டிப்பானவர், எதையும் லேசில் பாராட்டமாட்டார். சத்தியம் பற்றிய அத்தியாயத்தில் அண்ணியின் கதையை ஓர் எடுத்துக்காட்டாக எழுதியிருந்தேன். ‘ஒரு கிராமத்தில் ஒரு பெண்’ என்று ஆரம்பித்து, தயக்கம் குற்றத்துக்கு அடையாளமாகுமா என்று இரண்டு பக்கம் அலசியிருந்தேன். காகிதம் கிடைத்துவிட்ட விஷயத்தை எழுதவில்லை. வழிகாட்டி ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்வி எழுதினார்: ‘ஏன் மறுத்தாள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டாயா?’

கேட்கவில்லை. கேட்காமல் அத்தியாயம் நகராது என்றும் சொல்லிவிட்டார். அந்த மாதமே பெங்களூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு எனக்கு நேர்காணல் வந்தது. வழியில்தானே ஓசூர், இறங்கி அண்ணியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு போய்விடலாம் என்று கிளம்பினேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அத்தியாயத்துக்குத்தான் போனேன். தோல்பையில் நோட்டுப்புத்தகம், மாற்றுச்சட்டை, நேர்காணலுக்காகப் பச்சைத் துணியில் சுற்றின அசல் சர்டிபிகேட்டுகள். அவள் போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அது எல்லைப் பகுதி சென்னை மாகாணத்துக்கா மைசூருக்கா என்று இரண்டு பக்கமும் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த சமயம். ஓசூரில் சுவரெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. அண்ணி அவள் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தாழ்வாகக் கூரை இறக்கின ஒரு சார்ப்பில் இருந்தாள். பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“வாங்க தம்பி. காகிதம் கெடச்சுதா?”

அதுதான் முதல் கேள்வி. அவள் புருஷன் எப்படி இருக்கிறான் என்றுகூடக் கேட்கவில்லை. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, “இல்ல அண்ணி” என்றேன்.

“அய்யோ” என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

நான் நோட்டைத் திறந்தேன். அன்று ஏன் தாண்டவில்லை என்று கேட்டேன்.

“முந்தி ஒருக்கா நெசத்தச் சொல்லித்தான் தாண்டனேன். புள்ள போயிட்டான். நெசம் சொன்னாலும் சாமி எடுத்துக்குதே தம்பி, அப்புறம் எதுக்குத் தாண்டறது? இவளும் போயிட்டா நான் என்னா பண்ணுவேன்?”

எழுதிக்கொண்டேன். அருமையான பதில். வழிகாட்டி மகிழ்ந்துபோவார் என்று அப்போதே நினைத்தேன்.

“ஆனா ஒண்ணு” என்றாள் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. “இப்போ நெனச்சுப் பாத்தா எனக்கே சந்தேகமா இருக்குது. அன்னிக்கு வெறகு ஈரம். பத்த வெக்கக் கையில கெடச்சதப் போட்டிருப்பேனோ? படிக்கத் தெரியாதவதானே, என்னா கண்டேன்? நீங்க படிச்சவங்க, நீங்களே அப்படிச் சொன்னீங்க. அப்போ நான்தான் எரிச்சிருக்கணும். இப்ப வந்து சத்தியம் கேட்டா, எரிக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வராது தம்பி.”

என் பேனா நின்றது. நான் ‘அப்போ?’ என்று விட்டுவிட்டு வந்த அந்த மூன்றாவது வாக்கியத்தை இவள் இரண்டு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்து முடித்துவைத்திருக்கிறாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பை என் மடியில் இருந்தது, வாரை அவிழ்த்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “அந்தக் கடைசி வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லுங்க அண்ணி, எழுதிக்கிறேன்” என்றேன். அவள் நிறுத்தி நிதானமாக, நான் எழுதுவதற்குத் தோதாக, இன்னொரு முறை சொன்னாள்.

பிறகு குழந்தையைக் கூப்பிட்டு, “அத எடுத்தா” என்றாள். நாலு வயதாகியிருந்த குழந்தை, கூரையில் செருகியிருந்த ஒரு மூட்டையை எட்டாமல் எட்டி இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தது. பழைய புடவைத் துணி. அண்ணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே காகிதங்கள். மழையில் நனைந்து காய்ந்தவை, மிதிபட்டவை, ஓரம் கிழிந்தவை. எல்லாவற்றிலும் எங்கேயாவது உருண்டையாக ஒரு முத்திரை.

“எரிக்காம, காத்துல கீத்துல அடிச்சிக்கினு போயிருந்தா? சந்தைக்குப் போறப்போ, ரோட்டுல, பஸ் நிக்கற எடத்துல, உருண்டையா முத்திரை இருந்தா எடுத்து வெச்சுடுவேன். அம்மாந்தூரம் எங்க வரும்னு இவளோட மாமன் திட்டறாரு. வந்தாலும் வரும்ல? பாருங்க தம்பி, ஏதாச்சும் உங்களுதா?”

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பட்டுப்புழு முட்டை விற்கிறவர்களின் அட்டை. பஸ் கால அட்டவணை. தேர்தல் நோட்டீஸ். மாட்டுச்சந்தை ரசீது. எல்லைக் கூட்டத்து அழைப்பு. பாதிக்குமேல் கன்னட எழுத்து. தமிழ் எது, கன்னடம் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நூறு காகிதத்துக்குக் குறையாது. குழந்தை என் முழங்காலில் கை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு காகிதத்தையும் நான் திருப்பும்போது என் முகத்தையே பார்த்தது. கடைசிக் காகிதம்வரை பார்த்தேன்.

“இதுல இல்ல அண்ணி” என்றேன்.

பொய் இல்லை. அதில் இல்லைதான்.

அண்ணி தலையாட்டினாள். காகிதங்களை அடுக்கி, துணியில் வைத்து, முடிச்சுப் போட்டுக் குழந்தையிடம் கொடுத்தாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு பாருங்க, கெளம்புங்க” என்றாள். “நான் இன்னும் பாக்கறேன் தம்பி.”